எரிந்த தெருவும் அதனை அறிந்தோரும்



தமிழ் அகப்பொருள் மரபு பாலைக்கெனத் தனி நிலம் ஒன்றை வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு வெம்மையுறும்போது அவ்விடமே பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்து. பாலை வேறெங்கோ இருக்கும் ஊரன்று. இருந்த ஊரே இல்லாமற்போன நிலை அது. காட்டுத்தீக்குத் தம் பிள்ளைப்பருவத்துத் தெருவைப் பறிகொடுத்த மக்களைப் பற்றிப் பேசப் புகுவோர்க்கு இதனினும் பொருத்தமான வாயில் வேறு கிடைப்பதரிது. கலிபோர்னியாவில் அல்டடீனா என்னும் ஊர் 2025 சனவரி 7ஆம் நாள் மாலையில் தொடங்கி மறுநாள் விடிவதற்குள் அவ்வாறு பாலையாயிற்று. இவ்வுரை அவ்வூரைப் பற்றியது.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வடகிழக்கே, சான் கேப்ரியேல் மலையின் அடிவாரச் சரிவில், பாசடீனா நகருக்குச் சற்று மேலே அமைந்தது அல்டடீனா. ஸ்பானிய மொழியில் 'அல்டா' என்றால் உயர்ந்தது. பாசடீனாவுக்கு மேலே உள்ளமையால் இப்பெயர். தீக்கு முன் மக்கள் தொகை ஏறத்தாழ 42,000. இத்தனை பேர் வாழ்ந்தும் இவ்வூருக்கு நகராட்சி கிடையாது, மேயர் கிடையாது. லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட ஆட்சிக்குழுவின் நேர்பொறுப்பில் உள்ள பகுதி இது. ஊர் மன்றம் ஒன்றுண்டு. அது கருத்துரைக்கலாம், ஆணையிட இயலாது. அமைதிக் காலத்தில் இதனை ஒரு குறையாக ஊரார் எண்ணவில்லை. சற்றே ஒழுங்கற்ற, யாரும் யாரையும் அதட்டாத ஊர் என்ற பெருமிதங்கூட அவர்களுக்கு இருந்தது.

இவ்வூரில் சாண்டா ரோசா என்னும் சாலை உண்டு. அதன் இருமருங்கும் 1880களில் நடப்பெற்ற மரங்கள் ஓங்கி நிற்கின்றன. அவை இமயத்துக்குரிய தேவதாரு மரங்கள். 1920 முதல் கிறித்துமசுக் காலத்தில் அம்மரங்களுக்கு விளக்கலங்காரம் செய்யும் வழக்கம் இருந்துவருகிறது. பனிமலை மரம் ஒன்று பாலைக்காற்று வீசும் சரிவில் வேரூன்றி, அவ்வூர்ப் பிள்ளைகளின் திருநாள் நினைவாகவே மாறிவிட்டமை வியப்புக்குரியது. பெருந்தீயிலும் அம்மரங்களுள் பெரும்பாலானவை பிழைத்தன.

மக்களும் அவ்வாறே வேறிடத்திலிருந்து வந்து வேரூன்றியவர்களே. கறுப்பின மக்கள் விரும்பிய இடத்தில் வீடு வாங்க இயலாதபடி பத்திரங்களிலேயே தடை எழுதிவைத்த காலம் அமெரிக்காவில் இருந்தது. வங்கிகள் அவர்கள் வாழும் பகுதிகளைப் படத்தில் செங்கோடிட்டு ஒதுக்கின. 1960களிலும், 1968இல் வீட்டுரிமைச் சட்டம் நிறைவேறிய பின்னரும், மேற்கு அல்டடீனாவில் அவர்களுக்கு வீடுகள் கிடைக்கலாயின. பாசடீனாவில் விரைவுச் சாலை அமைப்பதற்காகக் கறுப்பினக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டபோது அங்கிருந்தும் பலர் மேலேறி வந்தனர். 1980இல் ஊர் மக்களுள் 43 விழுக்காட்டினர் கறுப்பினத்தார். பின்னர் வீட்டு விலை ஏறஏற இவ்வளவு குறைந்து, தீ வந்த காலத்தில் 18 விழுக்காட்டை ஒட்டி நின்றது. எனினும் எஞ்சிய கறுப்பினக் குடும்பங்களுள் ஐந்தில் நான்கு பங்கினர் சொந்த வீட்டில் வாழ்ந்தனர். நாடளாவிய அளவில் அவ்வினத்தாருள் பாதிப்பேருக்குக்கூடச் சொந்த வீடு இல்லை என்பதோடு இதனை ஒப்பிட வேண்டும்.

ஆகவே அவ்வீடுகளை வெறும் மரமும் சாந்தும் எனக் கொள்ளலாகாது. பாட்டன் வாங்கியது, தந்தை கூடம் சேர்த்துக் கட்டியது, பேரன் மிதிவண்டி பழகிய முற்றம் என்று மூன்று தலைமுறையின் சேமிப்பு அங்கே நின்றது. மறுக்கப்பட்டதொன்றைப் போராடிப் பெற்றவர்களின் பிள்ளைகள் அத்தெருக்களில் வளர்ந்தனர். பிள்ளைப்பருவத்துத் தெரு எல்லார்க்கும் இனியதே. இவர்க்கோ அது உரிமைச் சான்றும் ஆயிற்று.

இனி அவ்விரவு. 2022, 2023 ஆகிய ஆண்டுகளின் குளிர்காலங்களில் நல்ல மழை பெய்து மலைப்புதர் அடர்ந்து வளர்ந்திருந்தது. 2024இன் இறுதியில் வரவேண்டிய மழையோ வரவில்லை. வளர்ந்ததெல்லாம் விறகாயிற்று. அப்பொழுதுதான் உள்நாட்டுப் பாலைநிலத்திலிருந்து மலையைக் கடந்து கடல்நோக்கி இறங்கும் சாண்டா அனா காற்று, வழக்கத்திற்கு மீறிய வேகத்துடன் வந்தது. மாலை 6 மணிக்குச் சற்றுப் பின் ஈட்டன் பள்ளத்தாக்கில் தீப்பற்றியது. நீர் கொட்டும் வானூர்திகள் அக்காற்றில் பறக்க இயலவில்லை. பல இடங்களில் தெருக்குழாய்களில் நீரழுத்தம் குன்றியது. காட்டுத்தீ என்று பெயர் பெற்றாலும், ஊருக்குள் வந்தபின் அது காட்டை எரிக்கவில்லை. பறந்த தீப்பொறிகள் கூரையின் காற்றுத்துளைகளில் நுழைந்தன. எரியும் வீடே அடுத்த வீட்டுக்குக் கொள்ளியாயிற்று. 9,400க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. 19 பேர் மாண்டனர். பள்ளத்தாக்கில் செல்லும் மின்தொடர்களே தீக்குக் காரணம் என்று கூறி அமெரிக்க நடுவணரசே 2025 செப்டம்பரில் மின் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது.

மதுரையை எரித்த தீ ஆளறிந்து சென்ற தீ. இன்னாரைத் தீண்டாதே, தீத்திறத்தார் பக்கமே சேர்க என்று கண்ணகி அதற்கு எல்லை வகுத்தாள். அல்டடீனாவை எரித்த தீக்கு அத்தகைய தெரிவு எதுவும் இல்லை. ஆனால் தீயைப் பற்றிய எச்சரிக்கை ஆளறிந்து சென்றதுபோல் ஆயிற்று. இதுவே அவ்வூரார் நெஞ்சில் இன்றும் ஆறாத புண். லேக் அவென்யூ என்னும் நெடுஞ்சாலை ஊரை இரண்டாகப் பகுக்கிறது. அதன் கிழக்கே இருந்தோர்க்கு வெளியேறும் ஆணை மாலை ஏழரை மணியளவில் வந்தது. மேற்கே இருந்தோர்க்கு அவ்வாணை வந்தபோது விடியற்காலை மணி மூன்றரை ஆகிவிட்டது. அதற்குப் பல மணி நேரம் முன்பே அங்குத் தீ கண்டதாகச் செய்திகள் வந்திருந்தன. மாண்டோர் ஏறக்குறைய அனைவரும் மேற்குப் பகுதியினர், பெரும்பாலோர் முதியோர், படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தோர் சிலர். கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளுள் 48 விழுக்காடும், மற்றையோர் வீடுகளுள் 37 விழுக்காடும் அழிந்தன அல்லது பெருஞ்சேதமுற்றன என்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். எவரும் வேண்டுமென்றே செய்தார் என்று சொல்வதற்கில்லை. பழைய கோட்டை எவரும் அழிக்காமல் விட்டிருந்தால், புதியவர் ஒருவர் வந்து அதனை மீண்டும் வரைய வேண்டியதில்லை.

ஆணை வராத அந்த எட்டு மணி நேரத்தில் மேற்கு அல்டடீனாவின் ஆயிரக்கணக்கானோர் எவ்வாறு பிழைத்தனர்? இவ்வினாவிற்கான விடையில்தான் ஒரு சமூகம் இடுக்கணை எதிர்கொள்ளும் முறையின் உட்கூறு விளங்குகிறது. கதவைத் தட்டியவர்களால் பிழைத்தனர். எந்த வீட்டில் தனித்து வாழும் மூதாட்டி இருக்கிறார், எவருக்கு இரவில் காது கேளாது, எவரிடம் வண்டி இல்லை என்பவை எந்த அலுவலகப் பதிவேட்டிலும் இல்லாத செய்திகள். அவை அடுத்த வீட்டாரின் தலைக்குள் இருந்தன. பாசடீனாவில் முதியோர் இல்லத்துப் பணியாளர்கள், இரவு உடையோடிருந்த முதியோரைக் கட்டில்களிலும் சக்கர நாற்காலிகளிலும் வைத்து, பொறி பறக்கும் தெரு வழியே தள்ளிச் சென்று, ஒரு கடையின் வண்டி நிறுத்தத்தில் சேர்த்தனர். அப்படங்களை உலகமே கண்டது.

இளைஞர் ஒருவர் செய்த பணி தனியே சொல்லத்தக்கது. வானிலையில் ஆர்வமுடைய அவர், ஈட்டன் பள்ளத்தாக்கில் நாள்தோறும் குப்பை பொறுக்கித் தூய்மை செய்வதைப் பல்லாண்டு வழக்கமாகக் கொண்டவர். ஊராருக்கென வானிலைச் செய்திக்குழு ஒன்றையும் நடத்தி வந்தார். தீக்குச் சில நாள் முன்பிருந்தே, வரப்போகும் காற்று வழக்கமான காற்றன்று என்று எழுதினார். அன்று மாலை, அரசாணைக்குக் காத்திராமல் கிளம்புங்கள் என்று அறிவித்தார். அவர் சொல்லைக் கேட்டுக் கிளம்பியோர் பலர், உயிர் தப்பியதற்கு அவரே காரணம் என்று பின்னர் நன்றி கூறினர். அவர் சொல்லை மக்கள் நம்பியதேன்? வானிலை நூல் கற்றவர் ஆயிரவர் உளர். அப்பள்ளத்தாக்கின் ஒவ்வொரு புதரையும் கையால் தொட்டவர் என்று ஊரார் அறிந்திருந்தனர். நம்பிக்கை என்பது அன்றிரவு தோன்றியதன்று; ஆண்டுக்கணக்கில் குப்பை பொறுக்கிச் சேர்த்தது.

விடிந்தபின் அமைப்புகள் வந்தன. பாசடீனாவின் மாநாட்டு அரங்கு புகலிடமாயிற்று. நாட்கூலித் தொழிலாளரின் மையம் ஒன்று, வேலை தேடி வருவோர் நிற்கும் முற்றத்தையே உணவும் உடையும் வழங்கும் களமாக்கியது. நாட்டுரிமைத் தாள்கள் இல்லாத தொழிலாளர்களும் விளக்குமாறும் அறுவாளும் ஏந்தித் தெருவை அடைத்த மரங்களை அகற்றினர். லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதித் தீக்களத்தில் நின்றவர்களுள் ஏறத்தாழ ஆயிரம் பேர் சிறைக் கைதிகள். மிகக் குறைந்த கூலியே அப்பொழுது அவர்கள் பெற்றனர் என்பதை, அவர்களைப் போற்றியோருள் பலர் அறிந்திலர்.

இங்கு ஒன்றை வெளிப்படையாகச் சொல்லுதல் நன்று. இடுக்கண் காலத்து மக்கள் ஒற்றுமையைப் பாடுவது எளிது. அரசுகளுக்கு மிகவும் உவப்பான இலக்கியமும் அதுவே. மக்களே பார்த்துக்கொண்டனர் என்று முடித்துவிடலாம் அல்லவா? அயலார் கதவைத் தட்டினர் என்பது உண்மை. தட்டப்படாத கதவுகள் இருந்தன என்பதும் உண்மை. மாண்டோர் பலர் அக்கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்கள். மாவட்ட ஆட்சி ஏற்பாடு செய்த ஆய்வும், எச்சரிக்கை முறையின் பழைமையையும் பொறுப்புத் தெளிவின்மையையும் ஆள் பற்றாக்குறையையும் 2025 செப்டம்பரில் எடுத்துக்காட்டியது. அயலாரின் அன்பு ஆட்சியின் கடமைக்கு மாற்றாகாது.

எழுத்தோடு தொடர்புடைய அவைக்கு அத்தீ விழுங்கிய நூல்களைப் பற்றியும் கூற வேண்டும். பிளவாட்ஸ்கி அம்மையார் முதலியோர் 1875இல் நியூயார்க்கில் நிறுவிய தியசாபிகல் சங்கம், தன் தலைமையிடத்தைச் சென்னை அடையாற்றுக்கு மாற்றியதைத் தமிழர் அறிவர். 1895இல் அமெரிக்கக் கிளை அடையாற்றினின்று பிரிந்தது. அவ்வாறு பிரிந்த மரபின் தலைமையிடம் இறுதியில் அல்டடீனாவில் அமைந்தது. ஏறத்தாழ 40,000 நூல்களைக் கொண்ட அதன் நூலகமும் ஆவணங்களும் அத்தீயில் அழிந்தன. நியூயார்க்கில் 2024இல் மறைந்த கேரி இண்டியானா என்னும் எழுத்தாளரின் சொந்த நூற்றொகுதி, நாடு கடந்து வண்டியில் வந்து அல்டடீனாவில் ஒரு வீட்டில் இறங்கிய நாள் சனவரி 7. ஒருநாள் தாமதித்திருந்தால் அத்தொகுதி பிழைத்திருக்கும். ஒரு பள்ளிவாசலும் தேவாலயங்களும் எரிந்தன. பாசடீனாவின் யூதத் தொழுகையிடம் எரியுமுன் அதன் தோராச் சுருள்களை மட்டும் வெளியே கொண்டு சேர்த்தனர். அல்டடீனாவின் பொது நூலகம் தப்பியது. ஊருக்கென அரசவைக் கவிஞரை ஒத்த கவிஞர் பதவி ஒன்றை நடத்தி வருவது அந்நூலகம்.

இவ்வூரின் இலக்கிய நினைவு என்றால் முதலில் வரும் பெயர் ஆக்டேவியா பட்லர். 1947இல் பாசடீனாவில் பிறந்தார். தாய் பிறர் வீடுகளில் வேலை செய்து வளர்த்தார். 2006இல் மறைந்தபின் அல்டடீனாவின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். அவர் 1993இல் வெளியிட்ட 'பாரபிள் ஆஃப் த சோயர்' (விதைப்பவன் உவமை) என்னும் புதினம், லாரன் ஒலமினா என்னும் பதினைந்து அகவைப் பெண்ணின் நாட்குறிப்பாக 2024இல் தொடங்குகிறது. லாஸ் ஏஞ்சல்சுக்கு அருகே மதிலுக்குள் வாழும் சிறு குடியிருப்பு அவள் பிள்ளைப்பருவ உலகம். வறட்சியும் வேலையின்மையும் தீவைப்பும் மதிலுக்கு வெளியே வளர்கின்றன. 2025 பிப்ரவரிக் குறிப்பிலேயே தெருவில் ஒரு தீ பற்றுகிறது. பின்னர் ஒருநாள் தீக்கும் கொள்ளைக்கும் அக்குடியிருப்பே இரையாகிறது.

சனவரித் தீக்குப் பின் இப்புதினத்தைத் தீர்க்கதரிசனம் என்று எங்கும் புகழ்ந்தனர். அப்புகழ்ச்சியில் ஒரு சோம்பல் உண்டு. கண்முன் இருந்த புறக்கணிப்புகளுக்கு முப்பது ஆண்டு வளர இடங்கொடுத்துப் பார்த்ததே தம் வேலை என்ற கருத்தைப் பட்லரே பின்னர் எழுதினார். நாவலில் உற்றுநோக்க வேண்டியது வேறோரிடம். பேரிடர் வருமுன்பே கைப்பை ஒன்றில் விதை, நீர், தீக்குச்சி எல்லாம் சேர்த்துவைக்கிறாள் லாரன். தன் அச்சத்தைத் தோழியிடம் சொல்ல, அது ஊருக்குள் பரவுகிறது. தந்தை கடிந்துகொள்கிறார், எனினும் அவளை மறுக்கவில்லை. அச்சுறுத்துவதை விட்டுக் கற்பிக்கும் வழியைத் தேடச் சொல்கிறார். அதன்பின் அக்குடியிருப்பில் இரவுக் காவல் முறையே தொடங்குகிறது. அச்சம் தெருவின் முறைமையாக மாறும் இடம் அது. இருந்தும் மதில் காக்கவில்லை. எஞ்சிய மூவர் வடக்கு நோக்கி நடக்கும்போது வழியில் சேரும் அயலாரே புதுச்சுற்றமாகின்றனர். மதிலின் உள்ளே இருப்போரை மட்டும் ஊர் என்று கொண்டதே அக்குடியிருப்பின் பிழை என்று படிப்போர் உணர்கின்றனர்; பட்லர் அதனை எங்கும் விளக்கவில்லை. அவர் பெயரால் பாசடீனாவில் நடந்துவரும் ஒரு புத்தகக் கடை, தீயடுத்த நாளிலேயே நூல்களை ஒருபுறம் ஒதுக்கி, தலையணையும் மருந்தும் குழந்தைப் பாலும் தேவைப்பட்டோர்க்கு வழங்கும் இடமாக மாறியது.

இதே கலிபோர்னியாவில் முன்னொரு தீயும் உண்டு. 1991 அக்டோபர் 20ஆம் நாள் ஓக்லாந்துக் குன்றுகளில் மூண்ட அத்தீ 25 உயிர்களையும் ஏறத்தாழ 3,000 குடியிருப்புகளையும் கொண்டது. தந்தையாரின் இறுதி நினைவுச் சடங்கினின்று திரும்பிக்கொண்டிருந்த மாக்சின் ஹாங் கிங்ஸ்டன் வீட்டை அடைய முயன்றார்; வீடு எரிந்திருந்தது. எழுதிக்கொண்டிருந்த 'நான்காம் அமைதி நூல்' என்னும் புதினத்தின் கையெழுத்துப்படியும் எரிந்திருந்தது. இத்தகைய இழப்புக்குப் பின் எழுத்தாளர் தனிமை தேடுவதே உலக வழக்கு. கிங்ஸ்டனோ, இனித் தனித்தெழுத இயலாது என்று கண்டு, 1993 முதல் போரிலிருந்து மீண்ட வீரர்களைக் கூட்டி எழுத்துப் பட்டறை நடத்தினார். அவர்கள் எழுதினர், ஒருவர் எழுதியதை மற்றவர் கேட்டனர். 'ஐந்தாம் அமைதி நூல்' 2003இல் வந்தது. அவ்வீரர்கள் எழுதியவற்றின் தொகுதி 2006இல் வந்தது. பத்தாண்டு ஒன்றாக அமர்ந்து ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டு வந்த வட்டத்தார்க்கு இதன் அருமை விளங்கும்.

அல்டடீனாவுக்கு மீள்வோம். கடன் தீர்ந்த வீட்டுக்குக் காப்பீடு செய்யுமாறு எந்த வங்கியும் வற்புறுத்துவதில்லை. ஆதலால் பாட்டனிடமிருந்து கடனின்றி வந்த வீடுகளே காப்பீடின்றியோ குறைந்த காப்பீட்டோடோ எரிந்தன. தீ அணையுமுன்னரே மனை வாங்கும் தரகர்கள் தொலைபேசியில் அழைக்கலாயினர். சாம்பல் மேடுகளின் முன் 'அல்டடீனா விற்பனைக்கன்று' என்னும் பலகைகள் எழுந்தன. எனினும் விற்றோர் உளர். வாங்கியவற்றுள் கணிசமான பங்கு நிறுவனங்களுடையது. விற்றோரைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. எழுபது அகவையில் கட்டட அனுமதிக்கு வரிசையில் நிற்க எல்லாராலும் இயலுமா?

வீடு எரிந்தபின் நின்றவை புகைபோக்கிகள். செங்கல்லால் ஆன அவை மட்டும் வரிசையாக நின்றன. பாசடீனாவில் எர்னஸ்ட் பாட்செல்டர் என்னும் கைவினைஞர் 1910ஐ ஒட்டித் தம் வீட்டுப் பின்கட்டில் சூளை அமைத்து, மயிலும் கப்பலும் கொடியும் புடைத்த மண்ணோடுகளைச் செய்யலானார். அக்காலத்து அல்டடீனா வீடுகள் பலவற்றில் கணப்படுப்பின் முகப்பை அவ்வோடுகள் அழகுசெய்தன. ஏற்கெனவே சூளையில் வெந்தவை ஆதலின் இத்தீ அவற்றை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் இடிபாடு அகற்ற இராணுவப் பொறியாளர்களின் எந்திரங்கள் வரவிருந்தன. வந்தால் அனைத்தும் நொறுங்கிக் குப்பையாகும். ஊரார் சிலர் தெருத்தெருவாக நடந்து எந்தெந்தப் புகைபோக்கியில் ஓடுகள் உள்ளன என்று பட்டியல் எடுத்தனர். உரியவர்களைத் தேடி இசைவு பெற்றனர். கொத்தர்கள் முகமூடி அணிந்து, நச்சுச் சாம்பலுக்கிடையே உளியால் நூறாண்டுச் சாந்தைத் தட்டித் தட்டி, ஒவ்வோர் ஓடாகப் பெயர்த்தனர்.  எந்திரம் நாளை வருமென்றால் இன்று இரண்டு வீடு என்று வேலை ஓடியது. பெயர்த்த ஓடுகளைக் கழுவித் துடைத்து, எந்தத் தெரு, எந்த எண் என்று குறித்துப் பெட்டிகளில் அடுக்கினர். புகைபோக்கிகளும் அகற்றப்பட்டு மனைகள் வெறுந்தரையானபின், எண்ணும் தெருப்பெயரும் தாங்கிய பெட்டிகள், தமக்குரிய சுவர்கள் எழும் நாள் வரையில், ஓரிடத்தில் அடுக்கி வைக்கப்பட்டன.